குளியாளியின் கலோரிக் கணக்கு

இலங்கையின் மன்னார் மாவட்டத்து முசலிப் பிரதேசக் கரைக்கு மேற்கே, அரிப்பு, சிலாவத்துறை, மறிச்சுக்கட்டி ஆகிய ஊர்களுக்கு எதிரே, ஏறத்தாழ 5 முதல் 10 பாகம் வரையான ஆழத்தில் கிடக்கும் முத்துப் பார்களில் சலாபம் எனப்படும் முத்துக்குளிப்பு நடைபெற்ற காலங்களில், எண்ணப்படாத பொருள் என்று அநேகமாக எதுவும் இருந்ததில்லை. படகுகளும் அவற்றில் ஏறியவர்களும் பதிவு செய்யப்பட்டனர். கரைக்கு வந்த சிப்பிகள் வேலியடைத்த அரசு முற்றத்தில் மூன்று சமகுவியல்களாகப் பிரிக்கப்பட்டு, இரண்டு அரசுக்கும் ஒன்று குளித்தவர்களுக்குமாக ஒதுக்கப்பட்டன. 1902இல் பார்களை ஆராய வந்த பேராசிரியர் ஹேர்ட்மனும் அவருடைய துணைவர் ஜேம்ஸ் ஹோர்னெலும் திரட்டிய செய்திகளை இலண்டன் ரோயல் கழகம் 1903 முதல் 1906 வரை ஐந்து தொகுதிகளாக வெளியிட்டது. சிப்பியின் உணவு, நோய், பகைவர், வளர்ச்சி எல்லாம் அங்கே ஆராயப்பட்டன. சிப்பியை மேலே கொண்டுவந்த மனிதன் ஒரு நாளில் எவ்வளவு ஆற்றலைச் செலவிட்டான் என்ற கேள்வி அந்த ஆராய்ச்சியின் எல்லைக்குள் வரவில்லை. அதற்கு யாரையும் குறைகூற முடியாது. உழைக்கும் உடலின் ஆற்றற் செலவை ஆய்வுகூடத்துக்கு வெளியே அளப்பதற்கு வசதியான கருவி அப்போது அரிதாகவே இருந்தது. இன்றோ மணிக்கட்டில் கட்டிய கைக்கடிகாரம் ஒவ்வொரு நடைக்கும் ஒரு கலோரி எண்ணைத் தயக்கமின்றிக் காட்டுகிறது. அந்த எண் எங்கிருந்து பிறக்கிறது, எவ்வளவு தூரம் நம்பத்தக்கது என்பதை ஆராய, மூச்சை அடக்கி நீருக்குள் இறங்கும் குளியாளியைவிடக் கடினமான சோதனை கிடைப்பது அரிது.

கலோரி என்று பேச்சு வழக்கில் சொல்லப்படுவது உண்மையில் கிலோகலோரி, அதாவது ஒரு கிலோகிராம் நீரின் வெப்பநிலையை ஒரு பாகை செல்சியசால் உயர்த்தத் தேவையான வெப்பம். உடலின் செலவை வெப்பத்தின் அலகால் அளப்பதற்குக் காரணம், உண்ட உணவிலுள்ள ஆற்றலின் பெரும்பகுதி இறுதியில் வெப்பமாகவே வெளியேறுவதுதான். கடினமாக உழைக்கும்போதுகூடத் தசைகள் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்திலொன்று முதல் நான்கிலொன்று வரையே புறவேலையாக மாறுகிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அமெரிக்காவின் மிடில்டவுன் நகரிலிருந்த வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் வில்பர் அட்வாட்டர் குழுவினர், காற்றுப்புகாத சிற்றறை ஒன்றில் ஆட்களை நாள்கணக்கில் தங்கவைத்து, உள்ளே நிலையான சைக்கிள் ஒன்றையும் மிதிக்கச்செய்து, அறைச் சுவர்களின் ஊடே ஓடிய நீர் ஏந்திச்சென்ற வெப்பத்தை அளந்தனர். வெளியேறிய வெப்பமும் உணவிலிருந்து கணிக்கப்பட்ட ஆற்றலும் மிக நெருக்கமாகப் பொருந்தின. இது நேரடிக் கலோரியளவை. துல்லியமானது, ஆனால் அந்த அறையைப் படகில் ஏற்ற முடியாது.

ஆகவே ஆய்வாளர் வெப்பத்தை விட்டு மூச்சைப் பிடித்தனர். உடலில் எரியும் மாச்சத்துக்கும் கொழுப்புக்கும் ஒட்சிசன் வேண்டும் என்பதும், உழைக்கும்போது ஒட்சிசன் நுகர்வு கூடுகிறது என்பதும் லவோசியேயும் செகுவினும் 1790ஐ ஒட்டிய ஆண்டுகளில் காட்டிய உண்மைகள். மாச்சத்து எரியும்போது ஒரு லீற்றர் ஒட்சிசனுக்கு ஏறத்தாழ 5.05 கிலோகலோரியும், கொழுப்பு எரியும்போது ஏறத்தாழ 4.69 கிலோகலோரியும் வெளிப்படுகின்றன. வெளிவிடும் காபனீரொட்சைட்டையும் சேர்த்து அளந்தால் இரண்டும் எந்த விகிதத்தில் எரிந்தன என்பது தெரியும், அளக்காவிட்டாலும் லீற்றருக்கு 5 என்று கொள்வதில் பெரும்பிழை நேராது. இந்த ஒரே எண்தான் உடற்பயிற்சியின் கலோரிக் கணக்கு முழுவதையும் தாங்கி நிற்கிறது. 1911இல் டக்ளஸ் வடிவமைத்த, முதுகில் சுமக்கத்தக்க மூச்சுக்காற்றுப் பையும், 1949இல் வியர் முன்வைத்த எளிய சமன்பாடும் இந்த முறையை மலைக்கும் தொழிற்சாலைக்கும் கொண்டுசென்றன. வாயில் குழாயோ முகத்தில் கவசமோ அணிந்து உழைக்கும் ஒருவரின் செலவை இவ்வாறு சில விழுக்காட்டுப் பிழைக்குள் அறியலாம். வெப்பமோ மூச்சுவாயுக்களோ அளக்கப்படாமல் சொல்லப்படும் எந்தக் கலோரி எண்ணும் அளவீடு அல்ல, ஊகமே. நல்ல ஊகம், தீய ஊகம் என்ற வேறுபாடு மட்டுமே அதில் உண்டு.

மிகப் பரவலான ஊகம் ‘மெற்’ எனப்படும் அலகைக் கொண்டு செய்யப்படுவது. ஒருவர் அசையாது அமர்ந்திருக்கும்போது ஒரு கிலோகிராம் உடல்எடைக்கு நிமிடமொன்றுக்கு 3.5 மில்லிலீற்றர் ஒட்சிசன் நுகர்கிறார் என்று வைத்து, அதை 1 மெற் என அழைத்து, ஒவ்வொரு செயலும் அதன் எத்தனை மடங்கு என்று அட்டவணை இடுகின்றனர். 1993இல் பார்பரா எய்ன்ஸ்வர்த் குழுவினர் வெளியிட்டுப் பின்னர் பலமுறை திருத்திய தொகுப்பே இன்றைய செயலிகள் பலவற்றின் அடித்தளம். 1 மெற் என்பது கிலோகிராமுக்கு மணிக்கு ஏறத்தாழ 1 கிலோகலோரி ஆவதால் பெருக்கல் மிக எளிது. சிலாவத்துறையிலிருந்து தார்வீதியில் மணிக்கு 5 கிலோமீற்றர் வேகத்தில் நடக்கும் 60 கிலோகிராம் எடையுள்ள ஒருவருக்கு 3.5 மெற் என்று கொண்டால் ஒரு மணிநேரத்துக்கு 210 கிலோகலோரி வருகிறது. இதில் இரண்டு பொறிகள் உள்ளன. அவர் நடக்காமல் வீட்டுத் திண்ணையில் இருந்திருந்தாலும் அந்த மணிநேரத்தில் 50 அல்லது 60 கிலோகலோரி செலவாகியிருக்கும். நடையால் மட்டும் கூடிய செலவு ஏறத்தாழ 150தான். கைக்கடிகாரங்களும் பயிற்சி இயந்திரங்களும் மொத்தச் செலவையா மேலதிகச் செலவையா காட்டுகின்றன என்பதைப் பெரும்பாலும் தெளிவாகச் சொல்வதில்லை. மொத்த எண்ணை மேலதிகம் என்று எடுத்து அந்த அளவுக்குக் கூடுதலாக உண்பவர், கணக்கில் ஓர் இலக்கத்திலும் தவறு செய்யாமலே எடை கூடுகிறார்.

இரண்டாவது பொறி அந்த 3.5 என்ற எண்ணிலேயே இருக்கிறது. 2005இல் பைர்ன் குழுவினர் 769 பேரை அளந்தபோது ஓய்வுநிலை நுகர்வின் சராசரி 3.5 அல்ல, 2.56 மில்லிலீற்றரே என்று கண்டனர். உடலில் கொழுப்பின் பங்கு கூடக்கூட, கிலோகிராமுக்கான ஓய்வுச் செலவு குறையும். வயதும் அதைக் குறைக்கும். வெப்பமண்டல மக்களைப் பொறுத்தவரை இந்தக் கேள்வி புதியதன்று. அப்போதைய இலங்கைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கலம்பைன், வெப்பமண்டல மக்களின் வெப்ப உற்பத்தியையும் ஆற்றல் தேவையையும் பற்றி 1950இலேயே ஓர் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டிருந்தார். பிற்காலத்தில் உலக அமைப்புகள் பரிந்துரைத்த அடிப்படை அனுசேபச் சமன்பாடுகள், அதாவது உண்ணாது, உறங்காது, அசையாது கிடக்கும் உடலின் செலவைக் கணிப்பவை, பெரும்பாலும் ஐரோப்பிய அளவீடுகளில் இருந்தே பெறப்பட்டவை. அவை வெப்பமண்டல மக்களுக்கு ஏறத்தாழ 8 விழுக்காடு மிகையான விடை தருகின்றன என்று 1991இல் ஹென்றியும் ரீஸும் காட்டி, மாற்றுச் சமன்பாடுகளை முன்வைத்தனர். மன்னாரில் விற்கும் ஒரு கைக்கடிகாரம் எந்தச் சமன்பாட்டைப் பயன்படுத்துகிறது என்று அதன் பெட்டியில் எழுதியிருப்பதில்லை.

அட்டவணையின் இன்னொரு குறை, அது தரையையும் காற்றையும் அறியாது என்பதாகும், இவ்விரண்டுமே முசலிக் கரையில் அலட்சியப்படுத்த முடியாதவை. தளர்ந்த மணலில் கால் புதைந்து நழுவுவதால், தசை செய்யும் வேலையின் ஒரு பகுதி மணலை நகர்த்துவதிலேயே கழிகிறது. 1998இல் லெஜூன் குழுவினர் அளந்தபோது, மணலில் நடப்பதற்குக் கடினமான தரையைப்போல 2.1 முதல் 2.7 மடங்கு ஆற்றல் தேவைப்பட்டது. கரைவலை இழுப்போர் பாரத்தோடு பின்னோக்கி மணலில் நடக்கிறார்கள். அவர்கள் எடுத்துவைக்கும் அடிகளை எண்ணிக் கலோரி சொல்லும் கருவி, அடியின் விலை இரண்டு மடங்குக்கு மேலாகிவிட்டதையும் கயிற்றின் பாரத்தையும் எங்ஙனம் அறியும்?

காற்றின் விளைவு இன்னும் பெரிது. வைகாசிக்குப் பின் சோளகம் எனும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் சிலாவத்துறையிலிருந்து தெற்கே மறிச்சுக்கட்டிக்குச் சைக்கிளில் போகும் ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். அவரும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோகிராம் என்றும், வேகம் மணிக்கு 15 கிலோமீற்றர் என்றும், நிமிர்ந்து அமர்ந்த உடல் காற்றுக்குக் காட்டும் பயனுறு பரப்பு அரைச் சதுரமீற்றர் என்றும் வைத்தால், காற்றில்லா வேளையில் சில்லுகளின் உராய்வுக்கு ஏறத்தாழ 20 வாற்றும் காற்றைக் கிழிப்பதற்கு 22 வாற்றும் போதும். எதிர்க்காற்று மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் வீசினால், காற்றின் தடை சார்புவேகத்தின் வர்க்கத்துக்கு விகிதசமம் ஆதலால், இரண்டாவது எண் 118 வாற்றாகிறது. தசையின் திறன் 23 விழுக்காடு என்று கொண்டு கணித்தால், மணிக்கு 155 கிலோகலோரியளவில் முடிந்திருக்க வேண்டிய பயணம் 515ஐத் தொடும். அதே வேகம், அதே தூரம், அதே ஆள். அட்டவணை இரண்டுக்கும் ஒரே எண்ணைத் தரும். மன்னார்த் தீவில் 2020 டிசம்பரில் திறக்கப்பட்ட, 30 காற்றாலைகள் கொண்ட தம்பபவனி மின்நிலையம் 103.5 மெகாவாற்று வலுவோடு அங்கே அமைக்கப்பட்டதற்கு என்ன காரணமோ, அதே காரணம்தான் அங்குள்ள சைக்கிளோட்டியின் கலோரிக் கணக்கையும் குழப்புகிறது. திரும்பிவரும் வழியில் அந்தக் காற்று முதுகைத் தள்ளும் என்பது உண்மையே ஆனாலும், போனபோது இழந்தது முழுவதையும் அது ஈடுசெய்யாது.

இதயத் துடிப்பைக் கொண்டு கணிக்கும் கருவிகள் இந்தக் குறையை ஓரளவு நீக்குகின்றன. எதிர்க்காற்றில் துடிப்பும் உயரும் அல்லவா? சீரான, பெருந்தசைகள் இயங்கும் உழைப்பில் துடிப்பும் ஒட்சிசன் நுகர்வும் ஏறத்தாழ நேர்கோட்டில் சேர்ந்தே ஏறுகின்றன. ஆனால் அந்தக் கோட்டின் சரிவு ஆளுக்கு ஆள் வேறு. வெப்பம், நீரிழப்பு, கோப்பி, மனப்பதற்றம் எல்லாம் நுகர்வை உயர்த்தாமலே துடிப்பை மட்டும் உயர்த்தும். 2017இல் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர் ஏழு மணிக்கட்டுக் கருவிகளை 60 பேரில் சோதித்தபோது, ஆறு கருவிகள் துடிப்பை 5 விழுக்காட்டுக்கும் குறைந்த பிழையோடு அளந்தன. ஆற்றற் செலவிலோ மிகச் சிறந்த கருவியே சராசரியாக 27 விழுக்காடும், மிக மோசமானது 93 விழுக்காடும் தவறின. துடிப்பை அளப்பது வேறு, துடிப்பிலிருந்து கலோரியை ஊகிப்பது வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இனிப் பாருக்குத் திரும்பலாம். சலாப காலப் படகுகள் நள்ளிரவையொட்டிக் கரைக்காற்றில் புறப்பட்டு, விடியலில் பாரை அடைந்து, நண்பகலில் கடற்காற்று எழும்வரை அங்கே நின்றன. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்து வருணனைகளின்படி ஒரு படகில் பத்துக் குளியாளிகளும் ஐந்து கற்களும் இருந்தன. ஐவர் குளிக்க ஐவர் இளைப்பாறினர். கயிற்றில் கட்டிய கல்லில் கால்வைத்துக் குளியாளி அடிக்கு இறங்குவார். கல்லை மேலிருப்பவர் உடனே இழுத்துக்கொள்ள, அவர் ஏறத்தாழ ஒரு நிமிடம் சிப்பி திரட்டிக் கயிற்றை அசைப்பார். மேலிருப்பவர் அவரையும் கூடையையும் தூக்குவார். நாளொன்றுக்கு நாற்பது, ஐம்பது முறை இவ்வாறு நடந்ததாகச் சொல்லப்படுகிறது.

இதில் இறங்குவதற்கான வேலையைப் புவியீர்ப்பும், ஏறுவதற்கான வேலையைப் படகிலிருப்பவரும் செய்துவிடுகின்றனர். 18 கிலோகிராம் எடையுள்ள கருங்கல் நீருக்குள் ஏறத்தாழ 11 கிலோகிராமாகவே கனக்கும். அதை 16 மீற்றர் உயர்த்த வேண்டிய வேலை அரைக் கிலோகலோரிக்கும் குறைவு, தசையின் திறனைக் கணக்கில் எடுத்தாலும் 2 கிலோகலோரி. குளியாளியின் பங்கோ வேறு வழியில் எல்லைகட்டப்படுகிறது. மூச்சடக்கி இறங்கும் உடலில் நுரையீரல், குருதி, தசை எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 2 லீற்றர் ஒட்சிசன் மட்டுமே இருப்பில் உள்ளது. லீற்றருக்கு 5 என்ற கணக்கில், முழுவதும் தீர்ந்தாலும் 10 கிலோகலோரி. முழுவதும் தீரும்முன் நினைவு தப்பிவிடும் ஆகையால், ஒரு குளிப்பின் நடைமுறைச் செலவு அதில் பாதியளவே இருக்கலாம். ஐம்பது குளிப்புக்கு 250. உயிரைப் பணயம் வைக்கும் ஒரு காலைப்பொழுதின் உழைப்பு, தார்வீதியில் ஒன்றரை மணிநேர நடையின் மேலதிகச் செலவுக்குச் சற்றே கூடியது என்ற விடை நம்பமுடியாததாகத் தோன்றலாம். கணக்குத் தவறல்ல, முழுமையற்றது.

முதலாவதாக, நீருக்கடியில் இருக்கும் அந்த நிமிடத்தில் மூச்சுவழி உள்ளே செல்லும் ஒட்சிசன் சுழியம். செலவு முழுவதும் கடனாகவே நடக்கிறது. மேலே வந்தபின் இளைக்கும் மூச்சில் அது தீர்க்கப்படுகிறது. 1962இல் ஷோலாண்டர் குழுவினர் ரொறஸ் நீரிணையின் முத்துக் குளியாளிகளை ஆராய்ந்து, குளிக்கும்போது இதயத் துடிப்புக் குறைவதையும், தசைகளில் தேங்கிய லக்ரிக் அமிலம் மேலே வந்தபின்னரே குருதியில் பெருகுவதையும் பதிவு செய்தனர். முகம் நீரில் ஆழ்ந்து மூச்சு நின்றதும் தோலுக்கும் கைகால்களுக்கும் செல்லும் குருதி சுருக்கப்பட்டு, துடிப்பு மெதுவாகிறது. இதயத்துக்கும் மூளைக்கும் ஒட்சிசனைச் சேமிக்கும் இந்த அனிச்சைச் செயலே, தோலின் குருதியோட்டத்தைப் பச்சை ஒளியால் பார்த்துத் துடிப்பை எண்ணும் கைக்கடிகாரத்தைக் குருடாக்குகிறது. அது ஏதேனும் எண்ணைப் பதிந்தாலும், உழைப்பின் உச்சத்தை ஓய்வு என்றே பதியும்.

இரண்டாவதாக, நீர் வெப்பத்தைக் காற்றைவிட 25 மடங்களவு எளிதாகக் கடத்துகிறது. மன்னார் வளைகுடாவின் நீர் தொடுவதற்கு இதமானதே. ஆயினும் ஆடையற்ற உடல் வெப்பநிலையைத் தக்கவைக்க நீர் 33 பாகையளவில் இருக்க வேண்டும், 28 பாகை நீரில் மணிக்கணக்காக இறங்கியேறும் உடல் குளிர்ந்துகொண்டே போகும். கொரியாவின் பெண் குளியாளிகளைச் சுக்கி ஹொங்கும் ஹேர்மன் ரானும் ஆராய்ந்து 1967இல் எழுதியபோது, அவர்களின் நாளாந்த உணவு ஏறத்தாழ 3,000 கிலோகலோரி என்றும், குளிக்காத பெண்களுடையது 2,000 என்றும் குறிப்பிட்டனர். அந்த ஆயிரத்தின் பெரும்பகுதி கடலுக்குச் சென்ற வெப்பம். குளிர்காலத்தில் அவர்களின் அடிப்படை அனுசேபமே கால்பங்குக்கு மேல் உயர்ந்தது. குளிர்காப்பு உடைகள் வந்தபின் அந்த இசைவாக்கம் மறைந்தது. கொரியக் கடல் மன்னாரைவிட மிகக் குளிர்ந்தது ஆதலால் அந்த எண்ணை இங்கே பெயர்த்து வைக்கக் கூடாது. திசை மட்டுமே ஒன்று.

இங்கே ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. இழந்த வெப்பமும் எரித்த கலோரியும் ஒன்றல்ல. 60 கிலோகிராம் உடலின் சராசரி வெப்பநிலை ஒன்றரைப் பாகை குறைந்தால், ஏறத்தாழ 75 கிலோகலோரி எந்த ஒட்சிசனும் எரியாமலே உடலின் சேமிப்பிலிருந்து கடலுக்குப் போய்விடுகிறது. கரையேறியபின் உடல் அதை மீட்பது நடுக்கத்தாலா, வெயிலாலா என்பதைப் பொறுத்தே அது செலவுக் கணக்கில் ஏறும். மாசி, பங்குனி நண்பகல் வெயிலில் படகில் குந்தியிருப்பவருக்குச் சூரியன் அந்தக் கடனைப் பெரும்பாலும் இலவசமாகவே அடைத்துவிடும்.

இத்தகைய சிக்கல்களை எல்லாம் ஒரே வலையில் பிடிக்கும் முறை ஒன்று உண்டு. ஐதரசனின் பாரமான சமதானியும் ஒட்சிசனின் பாரமான சமதானியும் கலந்த நீரை ஒருவருக்குக் குடிக்கக் கொடுத்து, அடுத்த ஒன்றிரண்டு வாரங்களுக்கு அவருடைய சிறுநீரில் அவை எவ்வளவு விரைவாகக் குறைகின்றன என்று பார்ப்பார்கள். ஐதரசன் நீராக மட்டுமே வெளியேற, ஒட்சிசன் நீராகவும் காபனீரொட்சைட்டாகவும் வெளியேறுவதால், இரண்டின் வேறுபாடு காபனீரொட்சைட்டின் அளவைத் தந்துவிடுகிறது. லிஃப்சன் 1955இல் விலங்குகளுக்குக் காட்டிய இந்த வழியை 1982இல் ஷோலரும் வான் சான்ரனும் மனிதருக்குப் பொருத்தினர். இதனைக் கொண்டே 2012இல் பொன்ற்சர் குழுவினர், தன்சானியாவின் வேட்டைக்குடிகளான ஹட்சா மக்கள் நாள்முழுதும் நடந்தும் தோண்டியும் திரிந்தாலும், உடலளவைச் சமன்செய்து ஒப்பிட்டால் மேலைநாட்டு நகரவாசிகளின் அளவே மொத்த ஆற்றலைச் செலவிடுகின்றனர் என்று அறிவித்தனர். உழைப்பில் கூடிய செலவை உடல் வேறெங்கோ குறைத்துக்கொள்கிறது என்ற அவருடைய விளக்கம் இன்னும் விவாதத்தில் உள்ளது. ஆனால் பயிற்சியின் கலோரியை அன்றாடச் செலவோடு வெறுமனே கூட்டிவிட முடியுமா என்ற கேள்வியை அந்த அளவீடு ஐயத்துக்கு இடமின்றி எழுப்பிவிட்டது. இந்த முறையின் குறை, பாரமான ஒட்சிசனின் விலையும், விடை வாரக்கணக்கின் சராசரியாகவே வருவதும்.

மன்னார்க் கடலில் சங்கும் கடலட்டையும் எடுக்கும் இன்றைய குளியாளிகளில் காற்றுச் சிலிண்டரோடு இறங்குவோரின் கணக்கு இதைவிட எளிது. அவர்களின் மூச்சு சிலிண்டரின் அமுக்கமானியிலேயே பதிவாகிறது. 12 லீற்றர் கொள்ளளவுள்ள சிலிண்டரின் அமுக்கம் 45 நிமிடத்தில் 200 பாரிலிருந்து 50 பாராக இறங்கினால், மேற்பரப்பின் அளவில் 1,800 லீற்றர் காற்றுச் செலவாகியுள்ளது. 10 மீற்றர் ஆழத்தில் அமுக்கம் இருமடங்கு என்பதால் நுரையீரலைக் கடந்த கனவளவு 900 லீற்றரே. இந்தப் பிரிப்பைச் செய்யாது விடுவதே இக்கணக்கில் வழக்கமாக நேரும் பெரும்பிழை. மிதமான உழைப்பில் ஏறத்தாழ 25 லீற்றர் மூச்சுக்கு 1 லீற்றர் ஒட்சிசன் நுகரப்படுகிறது என்று கொண்டால் 36 லீற்றர் ஒட்சிசன், அதாவது 180 கிலோகலோரி. 60 கிலோகிராம் உடலுக்கு இது ஏறத்தாழ 4 மெற். மெற் அட்டவணை நீரடிக் குளிப்புக்குப் பொதுவாகத் தரும் 7ஐப் பயன்படுத்தியிருந்தால் 315 என்று வந்திருக்கும். தேர்ந்த குளியாளிகள் சிலர் காபனீரொட்சைட்டைச் சகித்து மெதுவாக மூச்சு விடப் பழகியவர்கள். அவர்களுக்கு 25 என்ற எண் 20 ஆகலாம், அப்போது 180 என்பது 225 ஆகும். நடுக்கத்தால் எரிந்ததும் இந்த எண்ணுக்குள் அடங்கும். உடல் குளிர்ந்து இழந்த சேமிப்பு அடங்காது.